உங்களுக்குள் பேசி முடிக்காதீர்கள்: தமிழ் நிகழ்ச்சிகள் நடத்தும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே,

வணக்கம். சிங்கப்பூரில் நாடகம், பட்டிமன்றம், நடனம், இளையர் முகாம் என்று ஆண்டு முழுவதும் தமிழ் நிகழ்ச்சிகள் நடத்தும் மன்றங்களின் தலைவர்கள், செயலாளர்கள், ஆலோசகர்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்களோடு வேலை செய்யும் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, அல்லது மாணவர் ஒருவர், "எனக்கு இப்படி நடந்துவிட்டது" என்று உங்களிடம் வந்து நின்றால், அதை உங்களுக்குள் பேசி முடிக்காதீர்கள். அந்தப் பிள்ளை யாரிடம் போகலாம், நீங்கள் என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள் என்பதை அடுத்த ஒத்திகை தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள்.

பல்கலைக்கழகங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதை எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நம் பிள்ளைகள் பலர் உங்களிடம்தான் இருக்கிறார்கள். சமூக மன்றத்து அறையிலும் வாடகை ஒத்திகைக் கூடத்திலும் கடைசி எம்ஆர்டி போகும்வரை நிற்கிறார்கள். ரயிலைத் தவறவிட்டால் யாரோ ஒரு "சீனியர் அண்ணன்" காரில் கொண்டுபோய் விடுகிறார். வேடம் யாருக்கு, மேடை யாருக்கு, அடுத்த ஆண்டு செயற்குழுவில் இடம் யாருக்கு என்று முடிவு செய்பவர்கள் இருபத்தொன்று வயதுப் பிள்ளைக்குப் பெரிய மனிதர்கள். அந்த அதிகாரம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பல ஆண்டுகளாக மேடைக்குப் பின்னால் ஒப்பனையும் உடையலங்காரமும் செய்துவருகிறேன். பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போது பெண்பிள்ளைகள் பேசுவார்கள். அதைக் கேட்டவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகங்கள் எங்கே இருந்தன, எங்கே வந்து நிற்கின்றன என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். 2016 ஜூலையில் புதிய மாணவர்களுக்கான வரவேற்பு முகாம்களில் ஆபாசமான விளையாட்டுகள் நடந்தது வெளியே வந்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் மாணவர்கள் நடத்தும் வரவேற்பு நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. 2019 ஏப்ரலில், அதே பல்கலைக்கழகத்தின் விடுதிக் குளியலறையில் தன்னை ரகசியமாகப் படமெடுத்தவனுக்குக் கிடைத்த தண்டனை போதாது என்று ஒரு மாணவி இன்ஸ்டகிராமில் எழுதினார். ஒரு பருவம் இடைநீக்கம், காவல்துறையின் நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை, அவ்வளவுதான் அவனுக்கு நடந்திருந்தது. நாடே பேசியது. அடுத்த மாதமே அன்றைய கல்வி அமைச்சர் ஓங் யி காங் நாடாளுமன்றத்தில் கணக்கு சொன்னார்: மூன்று கல்வியாண்டுகளில் ஆறு பல்கலைக்கழகங்களிலும் சேர்த்து, மாணவர்களின் பாலியல் முறைகேடு தொடர்பான 56 ஒழுங்கு நடவடிக்கைகள். இரண்டாவது முறை பிடிபட்டால்தான் வெளியேற்றம் என்பது பொது அளவுகோலாக இருக்க முடியாது என்றும் அவர் சொன்னார். பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தண்டனைகளைக் கடுமையாக்கியது, பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. 2020 அக்டோபரில் விரிவுரையாளர் ஒருவரைப் பணிநீக்கம் செய்ததைத் தாமதமாகச் சொன்னதற்கு அங்கேயே கண்டனம் எழுந்தது. குறைகள் இன்னும் இருக்கின்றன. ஆனாலும் இன்று அங்கே புகார் சொல்ல ஒரு கதவு இருக்கிறது. கதவுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார்.

நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் எல்லாரும் இருக்கிறார்கள், செய்தவனும் சேர்த்து.

எனக்குத் தெரிந்து ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஆண்டும் வேண்டாம். ஒத்திகை முடிந்து காரில் கொண்டுபோய் விட்டவன் வழியில் நிறுத்தித் தொட்டிருக்கிறான். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. மறுவாரம் அவள் துணிந்து ஒரு மூத்தவரிடம் சொன்னாள். மூன்று பேர் கூடி, அவளையும் அவனையும் உணவங்காடி நிலையத்தில் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசினார்கள். "தம்பி ஏதோ தெரியாம நடந்துக்கிட்டான், மன்னிச்சிடும்மா. ஷோ நெருங்குது." அவன் தலையைக் குனிந்து சாரி சொன்னான். அவளும் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள், சுற்றி அமர்ந்திருந்த மூன்று பேரும் அவள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். அதில் ஒருவர், நல்லதுதான் என்று நினைத்து, அவளைக் கேட்காமலேயே அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அப்பா அவளை விடுதி அறையைக் காலி செய்யவைத்தார், இரவு ஒத்திகை என்ற பேச்சே கூடாது என்றார். அவன் கதாநாயகனாக நடித்தான். கைதட்டல் வாங்கினான். அவள் அதற்குப் பிறகு எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்கும் வரவில்லை.

அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் அல்லர். இரண்டு குடும்பத்து மானத்தையும் காப்பாற்றியதாக இன்றும் நம்புகிறார்கள். ஆனால் அன்று நடந்ததைப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லியும் ஒருவரைத் தொடுவது தண்டனைச் சட்டத்தின் கீழ் மானபங்கம். அதற்கான அதிகபட்சச் சிறைத்தண்டனை 2022 மார்ச் முதல் இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாக உயர்ந்திருக்கிறது. அப்படியொரு குற்றத்துக்கு ஒரு மேசையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது? செய்தவனையும் பாதிக்கப்பட்டவளையும் நேருக்கு நேர் உட்காரவைப்பது எந்தப் பயிற்சி பெற்ற ஆலோசகரும் எடுத்த எடுப்பில் செய்யாத காரியம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் உண்மையை முழுதாகச் சொல்லவே முடியாது.

இந்த விஷயத்தில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. எனக்கும் படித்துத்தான் புரிந்தது. அமெரிக்க உளவியலாளர் மேரி காஸும் அவருடைய சகாக்களும் 1987இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 32 கல்வி நிலையங்களில் 6,159 மாணவ மாணவியரிடம் கேட்டார்கள். கேட்ட விதம்தான் அதில் முக்கியம். "உனக்கு வன்புணர்ச்சி நடந்ததா?" என்று கேட்கவில்லை. "நீ விரும்பாதபோது ஒருவன் பலத்தைக் காட்டி இன்னதைச் செய்தானா?" என்று ஒவ்வொரு செயலாக விளக்கிக் கேட்டார்கள். 14 வயதுக்குப் பிறகு வன்புணர்ச்சிக்கோ அதற்கான முயற்சிக்கோ ஆளான பெண்கள் 27.5 விழுக்காடு. வன்புணர்ச்சிக்கு ஆளானவர்களில் 84 விழுக்காட்டினருக்குச் செய்தவன் முன்பே தெரிந்தவன். நடந்தது வன்புணர்ச்சிதான் என்று தாங்களே சொன்னவர்கள் அவர்களில் 27 விழுக்காட்டினர் மட்டுமே. 2019இல் அங்கே 33 பல்கலைக்கழகங்களில் 180,000க்கும் அதிகமான மாணவர்களிடம் எடுத்த இன்னொரு ஆய்வில், இளநிலைப் பட்டம் படிக்கும் பெண்களில் 25.9 விழுக்காட்டினர் சம்மதமில்லாத பாலியல் தொடுதலுக்கு ஆளாகியிருந்தார்கள். இவை அந்த நாட்டு எண்கள். அப்படியே எடுத்து நம் ஊருக்கு ஒட்டவைக்க மாட்டேன். ஆனால் தெரிந்தவன்தான் செய்கிறான் என்பதும், நடந்ததற்குப் பாதிக்கப்பட்டவரே பெயர் வைக்கத் தயங்குகிறார் என்பதும் நம் பிள்ளைகளிடமும் நான் கண்டதுதான்.

ஒரு அரங்கேற்ற நாளில் ஒரு பெண்ணுக்கு ஒப்பனை செய்துகொண்டிருந்தேன். மேல்கையில் நான்கு விரல் பதிந்த நீலம். "அக்கா, ஃபவுண்டேஷன் கொஞ்சம் கனமா போட்டுவிடுங்க, ஜாக்கெட் கை குட்டையா இருக்கு" என்றாள். என்னம்மா இது என்றேன். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். நான் ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "அவன் அடிக்கலக்கா. பிடிச்சான், அவ்வளவுதான். நான் ஃபோன் எடுக்கலன்னு கோவம்." கேட்கக் கேட்க இன்னும் வந்தது. கைப்பேசியின் கடவுச்சொல் அவனிடம் இருக்கிறது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவன் திரையில் எந்நேரமும் தெரிய வேண்டும். ஆண்கள் இருக்கும் குழுப்பணி என்றால் வீடியோ அழைப்பில் காட்ட வேண்டும். பிரிந்துவிடலாம் என்று ஒருமுறை சொன்னபோது, செத்துப்போவேன் என்றான், பிறகு படங்களை உன் அப்பாவுக்கு அனுப்புவேன் என்றான். இத்தனைக்கும் அவள் கண்ணில் அது காதலில் வரும் சண்டை. நான் "உன்னை யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள், உண்மையாகவே அப்படி நம்பிச் சொல்லியிருப்பாள்.

வீட்டில் நாம் கேட்பது எப்படி? "காலேஜ்ல எல்லாம் ஓகேதானே?" அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கேட்டால், காதலிக்கிறாயா என்ற விசாரணையாக மாறிவிடுகிறது. காதல் இருப்பதே வீட்டுக்குத் தெரியாதபோது, காதலன் கையை முறுக்கியதை அவள் எப்படிச் சொல்வாள்? முதல் ரகசியத்தை உடைக்காமல் இரண்டாவதை வெளியே எடுக்க வழியே இல்லை. அடிப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும். நம் வீடுகளின் கண்டிப்பை அவன் ஆயுதமாக எடுத்துக்கொள்கிறான்.

அந்தப் பெண்ணுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இதை நீங்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கொடுமை செய்பவரைத் தடுக்க நீதிமன்றம் தரும், நமக்குப் பழக்கமான தனிநபர் பாதுகாப்பு உத்தரவு மாதர் சாசனம் என்ற சட்டத்தின் கீழ் வருவது. கணவன் மனைவி, குடும்ப உறுப்பினர்களுக்கானது. திருமணமாகாத காதலர்களுக்கு அது கிடைக்காது. அவர்களுக்கு உள்ளது துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2014இல் வந்தது. அதன் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அவசரமென்றால் விரைவு உத்தரவும் கேட்கலாம். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் அந்தச் சட்டத்தின் கீழ் குற்றம். 2019 திருத்தம், நெருங்கிய உறவில் இருப்பவருக்கு எதிராகச் செய்தால் தண்டனை இரட்டிப்பாகவும் வழி செய்தது. 2021 ஜூன் முதல் இதற்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. அந்தரங்கப் படத்தைப் பரப்புவது மட்டுமல்ல, பரப்புவேன் என்று மிரட்டுவதும் 2020 ஜனவரி 1 முதல் தனிக் குற்றம், ஐந்து ஆண்டுவரை சிறை. படத்தை அவளே விரும்பி அனுப்பியிருந்தாலும் இது பொருந்தும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டபோது அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தேன். அனுப்பியது தன் தப்பு, அதனால் இனி வாயே திறக்கக் கூடாது என்று அத்தனை நாள் எண்ணியிருந்தாள்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். அவை என் காதில் விழுந்தவைதான்.

"நல்லாப் படிக்கிற பையன், அவன் எதிர்காலம் என்ன ஆவது?" இந்தக் கேள்வியை இந்த நாட்டு நீதிமன்றங்களே கடந்து வந்துவிட்டன. ரயிலில் ஒரு பெண்ணை மானபங்கம் செய்த பல்கலைக்கழக மாணவருக்கு 2019இல் நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே விதிக்கப்பட்டது. அவருடைய படிப்பும் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மக்கள் கொதித்தார்கள். 2020இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி இரண்டு வாரச் சிறை விதித்தது. அதே ஆண்டு, பிரிந்துபோன காதலியின் கழுத்தை நெரித்த பல் மருத்துவ மாணவருக்கு 12 நாள் தடுத்துவைப்பும் சமூக சேவையும் போதும் என்று வந்த தீர்ப்பும் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அரசாங்கம் மறுஆய்வு செய்தது. பாலியல் குற்றங்களிலும் காயம் விளைவிக்கும் குற்றங்களிலும் வயதுவந்த குற்றவாளியின் படிப்பும் வருங்காலமும் தண்டனையை முடிவு செய்யும் முதன்மைக் காரணமாக இருக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை 2021 மார்ச்சில் அமைச்சர் கா. சண்முகம் நாடாளுமன்றத்தில் எடுத்துவைத்தார். நீதிமன்றமே ஒதுக்கிவைக்கத் தொடங்கிய வாதத்தை நாம் இன்னும் உணவங்காடி மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவளும் படிக்கிற பெண்தான். அவள் எதிர்காலத்தைப் பற்றி அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை.

"அப்போதே ஏன் கத்தவில்லை? மறுநாளும் ஒத்திகைக்கு வந்தாளே, அவனோடு சிரித்துப் பேசினாளே?" ஆபத்தில் எல்லாரும் ஓடுவதுமில்லை, எல்லாரும் போராடுவதுமில்லை. பலருக்கு உடம்பு அப்படியே உறைந்துவிடும், குரல் வராது. அது சம்மதம் அல்ல. மறுநாள் எதுவும் நடக்காததுபோல் இருப்பது, அப்படி இருந்துவிட்டால் உண்மையிலேயே நடக்காததாகிவிடும் என்ற தவிப்பு. அவனுக்குக் கோபம் வந்தால் குழுவில் தன் இடம் போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. மாதங்கள் கழித்து வாய் திறப்பவர்கள் அதிகம். சிங்கப்பூரில் குற்றங்களைப் புகார் செய்யக் காலக்கெடு கிடையாது. இன்று சொன்னாலும் சட்டம் கேட்கும்.

"பொய்யாக இருந்தால்?" பொய்ப் புகார் கொடுப்பதும் குற்றம்தான், அதைக் கண்டுபிடிக்கக் காவல்துறை இருக்கிறது. உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கும் வேலையை நான் உங்களிடம் தரவே இல்லை. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்த மடல்.

"போலீசுக்குப் போனால் பெயர் வெளியே வந்துவிடும்." பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டமே தடை விதிக்கிறது. 2017 முதல் காவல்துறை வளாகத்திலேயே மருத்துவப் பரிசோதனையும் வாக்குமூலமும் ஒரே இடத்தில் நடக்க ஏற்பாடு இருக்கிறது. பெயர் வெளியே போவது பெரும்பாலும் நம் வாய்களால்தான்.

இரண்டு கூட்டத்தாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் பிள்ளைகள் உங்கள் நிகழ்ச்சிகளுக்கு வருவது, ஊர் ஞாபகத்துக்கு ஒரு தமிழ்க் குரல் கேட்காதா என்றுதான். இங்கே அவர்களுக்கு மாமா கிடையாது, அத்தை கிடையாது. கல்விக் கட்டண மானியம் வாங்கியவர்கள் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு இங்கே வேலை செய்தாக வேண்டும். மாணவர் அனுமதி போய்விடுமோ, ஊரில் அப்பா திரும்ப வரச் சொல்லிவிடுவாரோ என்று இரண்டு பக்கமும் பயம். இங்குள்ள தமிழர் ஒருவர் "நான் இருக்கேன், எதுன்னாலும் சொல்லு" என்றால் அப்படியே நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்பவனைப் பற்றி அவர்களால் யாரிடமும் சொல்ல முடிவதில்லை. இன்னொரு பக்கம், பையன்கள். முகாம் இரவுகளில் "சும்மா விளையாட்டு" என்று ஒரு பையனுக்குச் செய்வதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. 2020 முதல் வன்புணர்ச்சிக்கான சட்ட விளக்கமே ஆண்களையும் பாதிக்கப்பட்டவர்களாகச் சேர்த்துவிட்டது. பையனும் உங்களிடம் வரலாம். வந்தால் சிரிக்காதீர்கள்.

சரி, என்ன எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் போதும், தமிழிலும் ஆங்கிலத்திலும். குழுவில் சேரும் ஒவ்வொருவர் கையிலும் முதல் நாளே கொடுங்கள். புகாரைக் கேட்பதற்கு இரண்டு பேரின் பெயர் அதில் இருக்கட்டும். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், இருவருமே செயற்குழுவில் இல்லாதவர்களாக, வேடமும் பதவியும் பங்கு போடாதவர்களாக இருக்கட்டும். அவர்கள் விசாரிக்க மாட்டார்கள், கேட்பார்கள், வழி காட்டுவார்கள் என்று எழுதுங்கள். பாதிக்கப்பட்ட வயதுவந்த மாணவரைக் கேட்காமல் பெற்றோரிடம் சொல்ல மாட்டோம் என்று எழுதுங்கள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்க மாட்டோம் என்று எழுதுங்கள். புகார் வந்தால் ஒத்திகையிலிருந்து விலகி நிற்க வேண்டியவர் புகாருக்கு உள்ளானவர், புகார் சொன்னவர் அல்ல. இது நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பாக இருந்தாலும் பொருந்தும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் சோதனை அப்போதுதான் வரும். இரவு ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், தனியாக யாரையும் காரில் ஏற்றிச் செல்லக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

அந்தத் தாளின் அடியில் மூன்று எண்கள். வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவது. பெண்கள் உரிமைக்கான அவேர் அமைப்பின் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு நிலையம் 6779 0282. உயிருக்கு ஆபத்து என்றால் 999. குறுஞ்செய்திகளையும் படங்களையும் வெறுப்பில் அழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், பின்னால் அவைதான் சாட்சி. ஒரே பல்கலைக்கழகத்து மாணவர்கள் என்றால் அங்குள்ள பிரிவையும் நாடலாம் என்று சொல்லுங்கள். முதல் அழைப்பின்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை விரும்பினால் உட்காருங்கள். பேச வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும்.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கான நிகழ்ச்சிகளுக்கு ஆள் சேர்க்கும்போது புதிய முகங்கள் நிறைய வருவார்கள். அவர்கள் பதிவு செய்யும் படிவத்தோடு இந்தத் தாளும் போகட்டும். இதை எழுத உட்காரும் எந்தக் குழுவோடும் நான் வந்து உட்காரத் தயார். வழக்கறிஞர் ஒருவரையும் சமூக ஊழியர் ஒருவரையும் உடன் அழைத்து வருகிறேன். ஒரு மாலை போதும். எந்த நாள் என்று நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேடைகளில் ஒப்பனை செய்யும் தன்னார்வலர்களில் ஒருத்தி
சிங்கப்பூர்